புளியங்கொட்டை எறிந்து கணக்குப் பழகுதல்

மனக்கணக்கு என்பது எழுதுகோலும் தாளும் இல்லாமல் எண்களை மனத்துக்குள்ளேயே பிரித்தும் சேர்த்தும் விடை காணும் திறன் ஆகும். அதனை வாய்ப்பாடு ஒப்பித்தலோடு ஒன்றாகக் கருதும் பிழை வீடுகளிலும் பள்ளிகளிலும் பரவலாகக் காணப்படுகிறது. 'ஏழெட்டு ஐம்பத்தாறு' என்று கேட்டவுடன் சொல்லும் பிள்ளை நினைவிலிருந்து விடையை எடுத்துத் தருகிறது. எட்டுடன் ஏழைக் கூட்டும்போது ஏழிலிருந்து இரண்டைப் பிரித்து எட்டுக்குக் கொடுத்துப் பத்தாக்கி, எஞ்சிய ஐந்தையும் சேர்த்துப் பதினைந்து என்று சொல்லும் பிள்ளையோ கணக்குச் செய்கிறது. முன்னதற்கு ஒப்பித்தல் போதும். பின்னதற்கு எண்களோடு நாள்தோறும் சிறிது நேரமாவது புழங்க வேண்டும். அந்தப் புழக்கத்தை வீட்டுக் கூடத்திலேயே உண்டாக்குவதற்கு ஒரு காலி முட்டை அட்டையும் ஒரு கைப்பிடிப் புளியங்கொட்டையும் போதும் என்பதும், ஆனால் அட்டையின் எந்தக் குழியில் எந்த எண்ணை வைப்பது என்பதில் கவனம் இல்லாவிட்டால் அதே ஆட்டம் வெறும் எறிதலாக முடிந்துவிடும் என்பதும், ஆறு வயது முதல் பதினொரு வயது வரையுள்ள பிள்ளைகளோடு சில கோடை விடுமுறைகளில் இதனை ஆடிப் பார்த்ததில் தெளிவானவை.

எறிந்து விழுவதை எண்ணும் வழக்கம் தமிழ் வீடுகளுக்குப் புதிதன்று. தாயம் ஆடுவோர் இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகளை உருட்டுவர். ஒவ்வொரு கட்டையிலும் உள்ள நான்கு பக்கங்களில் மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று எனப் புள்ளிகள் இருக்கும், நான்காம் பக்கம் வெறுமையாக இருக்கும். கட்டை இல்லாத வீடுகளில் சோழிகளையோ, ஒரு பக்கத்தை மட்டும் தரையில் தேய்த்து வெள்ளை தெரியச் செய்த புளியங்கொட்டைகளையோ குலுக்கிப் போடுவர். நான்கு கொட்டைகளும் கருப்பாக விழுந்தால் அதை எட்டு என்று கொள்வதும் உண்டு. இவ்வாட்டங்களின் அருமை, அவற்றில் கணக்குக் கேட்பவர் என்று ஒருவர் இல்லை என்பதில் இருக்கிறது. ஆசிரியரோ தாயோ 'எட்டும் ஏழும் எவ்வளவு?' என்று கேட்கும்போது கேட்பவருக்கு விடை முன்பே தெரியும் என்பதைப் பிள்ளை அறிந்திருப்பதால் அந்தக் கேள்வி சோதனையாகிவிடுகிறது. கொட்டை விழுந்து தரும் எண்ணோ ஆடுவோரில் எவருக்கும் முன்பே தெரியாதது என்பதால், விடை காண்பது அங்கே ஆட்டத்தைத் தொடர்வதற்கு வேண்டிய வேலையாக மட்டுமே நிற்கிறது. எனினும் தாயத்தில் ஒரு வீச்சில் அமையும் கூட்டல் மிகச் சிறியது. மூன்றும் மூன்றும் ஆறு என்பதற்கு மேல் அது போவதில்லை. இரு கட்டைகளும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு என்பது வழக்கமே தவிரக் கூட்டல் அன்று. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கே அது போதாமல் போகும் நிலையில்தான் எண்கள் எழுதிய அட்டை தேவைப்படுகிறது.

முட்டைக் கடைகளில் கிடைக்கும் அட்டையில் ஐந்துக்கு ஆறு என்ற வரிசையில் முப்பது குழிகள் இருக்கும். காகிதக் கூழால் செய்த சாம்பல் நிற அட்டையே இதற்கு ஏற்றது. பிளாஸ்டிக் தட்டில் கொட்டை துள்ளி வெளியே விழுந்துவிடுகிறது. அட்டைக்கு அடியில் பழைய துண்டு ஒன்றை நான்காக மடித்துப் போட்டால் துள்ளல் இன்னும் குறைவதோடு, மதியத்தில் உறங்குவோருக்கும் தொல்லை இராது. முட்டை உடைந்து கறைபட்ட அட்டையைக் கழுவ முடியாது என்பதால் அதனைத் தவிர்த்து, கறையில்லாத அட்டையைக் கேட்டு வாங்கி வெயிலில் காயவைத்துப் பயன்படுத்த வேண்டும். கொட்டைகளில் பெரியனவாகவும் தட்டையாகவும் உள்ளவற்றைத் தேர்ந்து, புளி ஒட்டியிராதபடி கழுவி உலர்த்திக்கொள்வது நல்லது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டில் இருக்குமானால் கொட்டைகளை எண்ணி எடுத்து எண்ணி வைக்க வேண்டும்; வாயில் போட்டுக்கொண்டால் தொண்டையில் அடைக்கும் அளவே அவை. எறிவோர் நிற்கும் கோட்டைப் பெரியவர் ஒருவரின் இரண்டு எட்டுத் தொலைவில் சாக்பீஸால் வரைந்துகொள்வது பொதுவாகப் பொருந்துகிறது. சிறு பிள்ளைக்கு அதனினும் அருகே ஒரு தனிக்கோடு போட்டுவிட்டால் அண்ணனும் தங்கையும் ஒரே ஆட்டத்தில் ஈடுகொடுத்து ஆட முடியும்.

இனி எண்களை வைப்பது. முதன்முறை அட்டை செய்வோர் ஏறக்குறைய எல்லோரும் ஒன்று முதல் முப்பது வரை வரிசையாக, அதுவும் அட்டையின் மேலேயே பேனாவால் எழுதிவிடுவர். இரண்டும் பிழை. அட்டையில் நேரடியாக எழுதினால் பின்னர் மாற்ற இயலாது என்பதால், சிறு வட்டத் தாள்களில் எண்களை எழுதிக் குழிக்குள் போட்டுவைப்பதே முறை. வரிசையாக வைத்தாலோ, எந்த எண்ணுக்குப் பக்கத்தில் எது இருக்கும் என்பது பிள்ளைக்கு முன்பே தெரிவதோடு, இருபத்தேழு, பதினெட்டு, இருபத்துநான்கு என்ற மூன்றையும் கூட்டச் சொல்வது தொடக்கத்திலேயே பெருஞ்சுமையாகி, பிள்ளை தாளைத் தேடத் தொடங்கிவிடுகிறது. அட்டையின் முப்பது குழிகளில் ஓரத்தைச் சுற்றி அமைந்தவை பதினெட்டு, உள்ளே இருப்பவை பன்னிரண்டு. பிள்ளைகள் நடுவைப் பார்த்தே எறிவதால், உள்ளே விழும் கொட்டைகளே மிகுதி. பிள்ளைகள் தடுமாறும் எண்கள் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது ஆகிய நான்கு என்பதால், அவை ஒவ்வொன்றையும் மும்முறை எழுதி உள்ளே உள்ள பன்னிரண்டு குழிகளில் கலைத்து வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, பத்து ஆகிய ஆறையும் அவ்வாறே மும்முறை எழுதி ஓரத்துப் பதினெட்டில் வைத்தால் அட்டை சரியாக நிறைந்துவிடும். பல அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்த பின்னர் நிலைத்தது இதுவே. எது கடினமோ அது அடிக்கடி வர வேண்டும். எளியது தப்பிய எறிதலுக்குக் கிடைக்க வேண்டும்.

எண்களின் இடம் ஆட்டத்தின் போக்கையே தீர்மானிக்கும் என்பதற்கு இங்கிலாந்தில் வளர்ந்த டார்ட்ஸ் என்னும் அம்பெறி விளையாட்டின் வட்டப்பலகை சிறந்த சான்று. அதில் ஒன்று முதல் இருபது வரையுள்ள எண்கள் வரிசையாக அமையாமல், மிக உயர்ந்த இருபதுக்கு ஒருபுறம் ஐந்தும் மறுபுறம் ஒன்றும் இருக்குமாறு வைக்கப்பட்டுள்ளன. குறி சற்றே பிசகினாலும் மதிப்பு சரிந்துவிடும். அங்கே அந்த அமைப்பு குறிபார்க்கும் திறனைச் சோதிப்பதற்கானது. மனக்கணக்குக்கான அட்டையில் நோக்கம் வேறு என்பதால் அமைப்பும் வேறாகிறது. குறி பிசகும் பிள்ளை தண்டிக்கப்படுவதில் இங்கே பயன் ஒன்றுமில்லை.

ஒருவருக்கு ஒரு முறைக்கு மூன்று கொட்டைகள். எறிந்து முடித்தவர் மூன்று எண்களையும் கூட்டி உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஒப்புக்கொண்ட பின்னரே கொட்டைகளைக் குழியிலிருந்து எடுக்க வேண்டும். இவ்விதி சிறியதாகத் தோன்றினாலும் ஆட்டத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. கொட்டை குழியில் கிடக்கும் வரை சான்று கண்முன்னே கிடக்கிறது. 'இருபத்துமூன்று' என்றவரை 'இல்லை, இருபத்திரண்டு' என்று மறுப்பவர், ஒன்பதையும் எட்டையும் ஐந்தையும் தொட்டுக்காட்டிச் சொல்ல வேண்டியிருக்கும், அப்போது மறுப்பவரும் கணக்குச் செய்தவராகிறார். தொடக்கத்தில், தவறாகக் கூட்டினால் அந்த முறைக்கு மதிப்பில்லை என்ற விதி இருந்தது. அதன் விளைவு வேண்டாத திசையில் சென்றது; கணக்கில் தயங்கும் பிள்ளை வாய் திறப்பதையே குறைத்துக்கொண்டு, கொட்டைகளை வேண்டுமென்றே ஓரத்து ஒன்றிலும் இரண்டிலும் எறியத் தொடங்கியது. அந்த விதியை நீக்கி, தவறினால் திருத்திச் சொல்லிவிட்டு முழு மதிப்பையும் பெற்றுக்கொள்ளலாம் என்று மாற்றிய பின்னர்தான் அதே பிள்ளை நடுக்குழிகளைக் குறிவைத்தது. விரல்விட்டு எண்ணுவதையும் தடுக்க வேண்டியதில்லை. கையில் கொட்டை இருக்கும்போது விரலை மடக்குவது இடைஞ்சல் என்பதால் அப்பழக்கம் தானாகவே குறைந்துபோகிறது.

மூன்று என்ற எண்ணிக்கைக்கும் காரணம் உண்டு. மனக்கணக்கின்போது, முன்னர் கூட்டிய தொகையைப் பிடித்துவைத்துக்கொண்டே அடுத்த எண்ணைக் கையாள வேண்டும். இவ்வாறு ஒன்றைத் தாங்கியபடி மற்றொன்றைச் செய்ய உதவும் குறுகிய நினைவைச் செயல்நினைவு என்பர். அதில் ஒரு நேரத்தில் ஏறக்குறைய ஏழு உருப்படிகளே நிற்கும் என்று அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். நான்கு என்பதே உண்மைக்கு நெருக்கமானது என்று நெல்சன் கோவன் 2001இல் வாதிட்டார். வளர்ந்தோருக்கே அவ்வளவுதான் என்றால், ஏழு வயதுப் பிள்ளைக்கு ஐந்து கொட்டைகளைக் கொடுப்பது பொருத்தமற்றது. ஐந்து கொட்டைகளோடு ஆடியபோது பிள்ளைகள் நான்காவதைக் கூட்டும்போதே முதல் இரண்டின் தொகையை மறந்து மீண்டும் தொடக்கத்துக்குத் திரும்பினர்.

ஒவ்வொருவரும் தம் தொகையைத் தொடர்ந்து கூட்டிச் சென்று நூறைத் தொட வேண்டும் என்பது ஆட்டத்தின் இலக்கு. நூறைத் தாண்டினால் போதும் என்று வைத்தால் கடைசி எறிதலில் கணக்கே தேவைப்படாமல் போகிறது. மிகச் சரியாக நூறு வர வேண்டும், தாண்டியவர் ஐம்பதுக்குத் திரும்ப வேண்டும் என்று வைத்தாலோ ஆட்டத்தின் தன்மையே மாறிவிடுகிறது. பின்லாந்தில் ஆடப்படும் மோல்க்கி என்னும் மரக்கட்டை எறிவிளையாட்டில் இதே வகை விதி உண்டு. ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்ணிட்ட கட்டைகளை எறிகட்டையால் வீழ்த்தி மிகச் சரியாக ஐம்பதை அடைய வேண்டும், தாண்டியவர் இருபத்தைந்துக்கு இறங்குவார். எண்பத்துமூன்றில் நிற்கும் பிள்ளை, எறிவதற்கு முன்பே இன்னும் பதினேழு வேண்டும் என்று கழித்து அறிகிறது. பதினேழை ஒன்பதும் எட்டுமாகவோ, ஆறும் ஒன்பதும் இரண்டுமாகவோ பிரித்துப் பார்க்கிறது. முதல் கொட்டை ஆறில் விழுந்துவிட்டால் எஞ்சிய பதினொன்றை நான்கும் ஏழுமாக மறுபடி பிரித்துப் பார்க்கிறது. கூட்டல் ஆட்டமாகத் தொடங்கியது இங்கே கழித்தல் ஆட்டமாகவும், எண்ணைப் பல வகையில் உடைத்துப் பார்க்கும் ஆட்டமாகவும் ஆகிறது. டார்ட்ஸ் ஆட்டக்காரர்கள் 501இலிருந்து கழித்துக்கொண்டே வந்து சரியாகச் சுழியில் முடிக்க வேண்டியவர்கள் என்பதும், கடைசி அம்பு இரட்டிப்பு மதிப்புள்ள இடத்தில் பட வேண்டும் என்ற விதியின்படி மூன்று அம்புகளில் முடிக்கக்கூடிய மிகப் பெரிய எண் 170 என்பதை அவர்கள் மனப்பாடமாகவே வைத்திருப்பார்கள் என்பதும் இவ்வகை இலக்கின் வலிமையைக் காட்டும். அறுபதும் அறுபதும் ஐம்பதும் சேர்ந்தால் அந்த 170. பிள்ளைகளுக்கு ஒரே ஒரு விதியைத்தான் புகட்ட முடியும் என்றால், அது சரியாக நூறில் முடிக்கும் இந்த விதியாகவே இருக்க வேண்டும்.

ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு அட்டை இல்லாமலேயே தொடங்கலாம். ஒரு பக்கம் தேய்த்த பத்துப் புளியங்கொட்டைகளைக் குலுக்கிப் போட்டு, வெள்ளையாக விழுந்தவற்றை மட்டும் எண்ணிவிட்டுக் கருப்பு எத்தனை என்று பார்க்காமல் சொல்ல வேண்டும். பத்தை உண்டாக்கும் இணைகளான ஒன்றும் ஒன்பதும், இரண்டும் எட்டும் முதலியவை இதனால் பழகும் என்று எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால் சில நாள் ஆடிய பிள்ளைகள் ஆறும் நான்கும் பத்து என்பதை உடனே சொல்லி, ஒன்பதுக்கு எவ்வளவு என்றால் திகைத்தனர். காரணம் நிகழ்தகவில் இருக்கிறது. நிகழ்தகவு என்பது ஒரு நிகழ்வு நேர்வதற்கான வாய்ப்பின் அளவு. பத்துக் கொட்டைகள் விழக்கூடிய வகைகள் மொத்தம் 1024. இரு பக்கமும் விழும் வாய்ப்பு சமம் என்று கொண்டால், அவற்றில் ஐந்துக்கு ஐந்தாக விழும் வகைகள் 252; ஆறுக்கு நான்காகவும் நான்குக்கு ஆறாகவும் விழுபவை தலா 210. இந்த மூன்றுமே 672 வகைகளை, அதாவது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்கின்றன. ஒன்பதுக்கு ஒன்றாக விழுபவை இருபுறமும் சேர்த்து வெறும் 20. ஐம்பது வீச்சுக்கு ஒரு முறைதான் அதை எதிர்பார்க்க முடியும். கையால் தேய்த்த கொட்டைகளில் இந்தச் சமநிலை முழுமையாக இராது என்றாலும் போக்கு இதுவே. இதற்குப் பரிகாரம் பழைய ஆட்டமொன்றில் கிடைத்தது. 'ஒற்றையா இரட்டையா' ஆடுவது போல ஒரு பிள்ளை பத்தில் சிலவற்றைக் கைக்குள் மூடிக்கொண்டு மீதியைத் தரையில் வைக்க, எதிரே உள்ளவர் மூடிய கையில் எத்தனை என்று சொல்ல வேண்டும். இங்கே எண்ணைத் தருவது குலுக்கல் அன்று, எதிராளியைத் திணறச் செய்ய விரும்பும் பிள்ளையின் மனம் என்பதால், ஒன்றும் ஒன்பதும் தாராளமாக வருகின்றன.

இதே குறை பகடைகளிலும் உண்டு. கடையில் வாங்கும் ஆறுபக்கப் பகடைகள் இரண்டை உருட்டிப் பெருக்கினால் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் வாய்ப்பாடுகள் ஒருபோதும் வருவதில்லை. பயிற்சி மிகுதியும் வேண்டுவது அவற்றுக்குத்தான். பெருக்கலுக்கு முட்டை அட்டையே மேல். இரண்டு கொட்டைகளை எறிந்து விழுந்த எண்களைப் பெருக்கலாம். அல்லது மூன்று கொட்டைகளில் ஒன்றுக்குச் சிவப்பு நகப்பூச்சு பூசி, அது விழுந்த எண்ணை மட்டும் இரட்டித்துக் கூட்டலாம். இரண்டாவது வகை எளிதாகத் தோன்றினாலும், இரட்டித்தல் மனக்கணக்கின் பெரும்பகுதிக்கு அடிப்படை என்பதால் அதனை முதலில் பழக்குவதே முறையானது.

நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குழிகளில் பின்னங்களை வைத்து ஆடியபோது, எதிர்பார்த்ததை விட அதிகப் பயன் கிடைத்தது. பழைய திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி என்னும் வாய்ப்பாட்டு நூலைக் கொண்டு முழு எண்களை மட்டுமன்றிப் பின்னங்களையும் மனப்பாடம் செய்வித்தனர். பதினாறில் ஒன்றுக்கு வீசம் அல்லது மாகாணி, எட்டில் ஒன்றுக்கு அரைக்கால், பிறகு கால், அரை, முக்கால் என்று தமிழில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. இரண்டு வீசம் ஓர் அரைக்கால், இரண்டு அரைக்கால் ஒரு கால், இரண்டு கால் ஓர் அரை என்று இந்தப் பெயர்கள் இரட்டித்தலின் படிகளாகவே அமைந்துள்ளன. தாளில் எட்டில் ஒன்றையும் நான்கில் மூன்றையும் கூட்டத் தடுமாறும் பிள்ளை, முக்காலும் அரைக்காலும் சேர்ந்தால் ஒன்றுக்கு ஓர் அரைக்கால் குறைவு என்பதைக் கொட்டைகளைப் பார்த்தே சொல்லிவிடுகிறது. பெரியவர்கள் பேச்சில் வழங்கும் 'முக்காலே மூணு வீசம்' என்பது பதினாறில் பதினைந்து பங்கு என்பதை ஆட்டத்தின் நடுவே கண்டுகொண்ட பிள்ளைகளின் மகிழ்ச்சி சொல்லத் தகுந்தது.

விளையாட்டில் வந்த திறன் ஏட்டுக் கணக்கிலும் தானாகவே வந்துவிடும் என்று நம்புவது மட்டும் கூடாது. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் பொருள் விற்ற சிறுவர் சிறுமியர் ஐவரை டெரெசின்யா நூனஸ், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் ஆகியோர் ஆராய்ந்து 1985இல் வெளியிட்ட கட்டுரையின்படி, விற்பனையின்போது 98 விழுக்காடு கணக்குகளைச் சரியாகச் செய்த அதே பிள்ளைகள், அவற்றை வெறும் எண்களாகத் தந்தபோது 37 விழுக்காட்டையே சரியாகச் செய்தனர். கொல்கத்தா, டெல்லி ஆகிய நகரங்களின் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ உள்ளிட்டோர் நடத்தி 2025இல் வெளியிட்ட ஆய்விலும், சந்தைக் கணக்கில் தேர்ந்தவர்கள் பள்ளிக் கணக்கில் திணறியதும், பள்ளிப் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறியதும் வெளிப்பட்டன. எனவே மதிப்பெண் குறிக்கும் பொறுப்பைப் பெரியவர் ஏற்காமல் பிள்ளைகளிடமே விட்டு, ஒவ்வொரு முறையும் 47 + 16 = 63 என்று முழு வரியாக எழுதச் செய்வது இன்றியமையாதது. கூட்டுவது மனத்தில், எழுதுவது கூட்டி முடித்த பிறகு. இந்த ஒரு வரிதான் கூடத்து ஆட்டத்துக்கும் வகுப்பறை ஏட்டுக்கும் இடையே உள்ள பாலம். கீதா ராமணியும் ராபர்ட் சீக்லரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்று முதல் பத்து வரை எண்ணிட்ட கட்டங்களில் காய் நகர்த்தி ஆடிய மழலைப் பருவப் பிள்ளைகளின் எண்ணறிவு மொத்தம் ஒரு மணி நேர அளவிலான ஆட்டத்திலேயே வளர்ந்தது. எண்ணுக்குப் பதில் நிறங்கள் இட்ட கட்டங்களில் ஆடியோரிடம் அந்த வளர்ச்சி இல்லை. விளையாடினாலே போதும் என்பது உண்மையன்று, எண் கண்ணிலும் வாயிலும் பட வேண்டும் என்பதற்கு அது தக்க சான்று.

ஆட்டம் இருபது நிமிடங்களைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் போனால் எறிதல் வீசலாகி, 'அழுகுணி ஆட்டம்' என்ற கூச்சல் எழுந்து, கணக்கு மறைந்துவிடுகிறது. கடிகாரம் வைத்து விரைவை அளக்கவும் கூடாது. விரைவு பழக்கத்தால் வருவது, நெருக்குதலால் வருவதன்று. வீட்டுப் பெரியவரும் கோட்டில் நின்று எறிந்து, தம் கணக்கை உரக்கச் சொல்லிக் கூட்ட வேண்டும், 'எட்டும் ஒன்பதும்... ஒன்பதைப் பத்தாக வைத்து ஒன்றைக் குறைத்தால் பதினேழு' என்று ஒருவர் சொல்வதைக் கேட்கும் பிள்ளை, இரண்டு நாளில் அதைத் தானும் சொல்கிறது.

ஆனால் பிள்ளையின் முறை வரும்போது பெரியவர் செய்ய வேண்டியது ஒன்றே, அதுவே மிகக் கடினமானது: காத்திருத்தல். வகுப்பறைகளில் ஆசிரியர்கள் கேள்வி கேட்ட பின்னர் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருப்பதையும், அதை மூன்று நொடிகளாக நீட்டினாலே மாணவர்களின் விடைகள் நீளமாகவும் சரியாகவும் அமைவதையும் அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் எடுத்துக்காட்டினார். கூடத்தில் இன்னும் அதிகம் தேவைப்படும். மூன்று கொட்டைகளும் குழிகளில் கிடக்க, பிள்ளை அவற்றைப் பார்த்தபடி உதடசைத்துக்கொண்டிருக்கும் அந்தப் பத்துப் பதினைந்து நொடிகளில்தான் மனக்கணக்கு நடக்கிறது. பெற்றோரும் தாத்தா பாட்டியரும் அந்நேரத்தில் விடையைச் சொல்லிவிடாமல் இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.